கழுத்துக் கத்தி உழைக்குமா? திராட்சைப் பந்தலுக்குக் கீழிருந்து ஓர் அனுபவம்

லுங்கி கட்டி வேலை செய்கிறவனுக்குக் கத்தியை எங்கே வைப்பது என்பது பெரிய பாடு. மடியில் செருகினால் குனியும்போது வயிற்றில் குத்தும், உட்கார்ந்து எழுந்தால் நழுவி விழும். பட்டாபட்டி டவுசரில் பை உண்டுதான், ஆனால் ஒவ்வொரு தடவையும் லுங்கியைத் தூக்கிக் கையை விட வேண்டும். சட்டைப் பையில் ஏற்கெனவே போன் இருக்கும். பெல்ட் போட்டால் உறையோடு இடுப்பில் மாட்டிக்கொள்ளலாம். கம்பம் பள்ளத்தாக்கு வெயிலில் பேன்ட்டும் பெல்ட்டுமாகத் தோட்டத்துக்குள் யார் நிற்பது?

எங்களுடையது பன்னீர் திராட்சை. 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே கம்பம் பன்னீர் திராட்சைதான். கல்தூண் நட்டு, மேலே கம்பி இழுத்துப் பந்தல் போட்டு, கொடியை அதன்மேல் படரவிடுவோம். அதனால் முக்கால்வாசி வேலை தலைக்கு மேலேதான். அண்ணாந்தபடி, ஒரு கையில் கொடி, இன்னொரு கையில் கயிறு. அந்த நிலையில் இடுப்பைத் தடவி ஒரு பொருளை எடுப்பது எரிச்சலான காரியம். கத்தி நெஞ்சுக்கு நேரே தொங்கினால் கை பாதி தூரம் இறங்கினால் போதும். கழுத்தில் தொங்கும் சின்னக் கத்தியை, ஆன்லைனில் ‘நெக் நைஃப்’ என்று விற்கிறார்களே அதை, நான் வாங்கியதற்குக் காரணம் இவ்வளவுதான். விலை 400 ரூபாய்க்குள். அலகு இரண்டரை அங்குலம், கைப்பிடியும் அலகும் ஒரே தகடு, மேலே கயிறு சுற்றியிருந்தது, கூடவே பிளாஸ்டிக் உறை.

வந்த புதிதில் தோட்டத்தில் பார்த்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். “என்னண்ணே, தாயத்தா?” என்றான் மருந்து அடிக்க வந்த பையன். கேள்வி நியாயமானது. பார்க்க விளையாட்டுச் சாமான் போலத்தான் இருக்கும். ஆனால் கத்தியைக் கழுத்தில் போடுவது நேற்று முளைத்த வழக்கமில்லை. வட அமெரிக்காவில் பேரேரிகளைச் சுற்றி வாழ்ந்த பூர்வகுடிகள் 18-ஆம் நூற்றாண்டிலேயே, முள்ளம்பன்றி முள்ளால் வேலைப்பாடு செய்த தோல் உறையில் கத்தியைக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். அந்த உறைகளை இன்றைக்கும் அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். நம் பக்கம் பனையேறிகள் பாளை அருவாளைப் பெட்டியில் வைத்து இடுப்புக்குப் பின்னால் கட்டுவார்கள். மரத்தை நெஞ்சோடு அணைத்து ஏறுகிறவர் நெஞ்சில் எதையும் தொங்கவிட முடியாது. எந்த வேலை செய்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் கத்தி இருக்க வேண்டிய இடம். பந்தலுக்குக் கீழே நிற்பவனுக்கு நெஞ்சு சரியான இடம் என்பது என் முடிவு.

இந்தக் கத்தி எதற்கு நன்றாக உழைக்கிறது என்பதை ஒரு வேலையை வைத்துச் சொல்கிறேன். கவாத்து செய்த பிறகு, அதாவது பழைய கிளைகளை வெட்டிவிட்ட பிறகு, புதுத் தளிர் கிளம்பும்போது கொடியைக் கம்பியோடு சேர்த்துக் கட்டுவோம். முன்பு வாழைநார், அப்புறம் சணல், இப்போது பாதிப் பேர் பிளாஸ்டிக் கயிறு. சணல் இற்றுப்போய்விடும். பிளாஸ்டிக் அப்படியே கிடக்கும். கொடி பருக்கப் பருக்க அந்தக் கட்டு இறுகிக்கொண்டே போய்ப் பட்டைக்குள் புதைந்துவிடும். மேலே பார்த்தால் கொடியில் ஓர் இடுப்பு மட்டும் தெரியும், கயிறு தெரியாது. அதை அவிழ்க்காவிட்டால் அதற்கு அப்பால் உள்ள கொடி வலுவிழந்துபோகும். கவாத்துக் கத்தரியின் வாய் அந்த இடுக்கில் நுழையாது. அருவாளைப் பற்றிப் பேசவே வேண்டாம். இங்கேதான் இரண்டரை அங்குல அலகு வேலை செய்கிறது. கத்தியின் முதுகுப்புறம் பட்டையைத் தொடுகிற மாதிரி, வெட்டும் வாய் வெளியே பார்க்கிற மாதிரி பிடித்து, நுனியைக் கயிற்றுக்கு அடியில் மெல்ல நுழைத்து வெளிப்பக்கமாக இழுத்தால் டக்கென்று அறுபடும். பட்டையில் கீறல் விழாது. இதற்காகவே நுனியின் கூரைச் சாணைக்கல்லில் தேய்த்துக் கொஞ்சம் மழுக்கி வைத்திருக்கிறேன். ஊசிபோன்ற நுனி கொடியைக் குத்தும். கை வழுக்கினால் நம்மையும் குத்தும்.

மற்றபடி சணலை அளவாக அறுப்பது, உர மூட்டையின் தையலைப் பிரிப்பது, சொட்டுநீர்க் குழாயை வெட்டி இணைப்பான் மாட்டுவது, பழப்பெட்டி கட்டும்போது கயிற்றை நறுக்குவது, மதியம் ஒரு மாங்காயைக் கீறுவது. எல்லாமே நாலு விநாடி வேலைகள், நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வருபவை. ஒவ்வொன்றுக்கும் “கத்தி எங்கடா?” என்று தேடி நடப்பதுதான் உண்மையான செலவு. கத்தி கழுத்திலேயே கிடந்தால் அந்த நடை மிச்சம்.

ஆகாத வேலைகளையும் சொல்லிவிடுகிறேன். கைப்பிடியில் மூன்று விரல்தான் பிடிக்கும். அழுத்தி வெட்ட வேண்டிய எதற்கும் இது லாயக்கில்லை. காய்ந்த கொடியை இதால் வெட்டப் போகாதீர்கள், அதற்குக் கத்தரி இருக்கிறது. வாழைத்தார், தேங்காய், வேலிக்கு முள் எல்லாம் அருவாள் வேலை. டப்பா மூடியை நெம்பினால் நுனி ஒடியும். சமையலுக்கும் சரிவராது, வெங்காயம் அரியும்போது விரல்முட்டி பலகையில் இடிக்கும். தற்காப்புக்கு என்று சொல்லி இதை விற்பவர்கள் பேச்சைக் காதில் வாங்கவே வேண்டாம். இது கயிறு அறுக்கும் சாமான். அந்த நினைப்போடு வாங்குகிறவருக்கு ஏமாற்றம் இருக்காது.

வாங்கும்போது எல்லாரும் அலகைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது கயிற்றை, இரண்டாவது உறையை, கடைசியில்தான் அலகை.

கயிறு ஏன் முதலில்? கழுத்தில் போட்ட எதுவும் எதிலாவது மாட்டினால் உயிருக்கே ஆபத்து. பவர் டில்லர், ஸ்பிரேயர் பம்பின் பெல்ட், மாட்டுத்தீவனம் நறுக்கும் மிஷின், இதெல்லாம் இல்லாத தோட்டம் இன்றைக்கு இல்லை. துண்டு, சேலை முந்தானை, துப்பட்டா இழுபட்டு நடந்த விபத்துகளைக் கிராமத்தில் எல்லாரும் கேள்விப்பட்டிருப்போம். பல கழுத்துக் கத்திகளோடு பாராகார்ட் என்ற கயிறு வருகிறது. அதில் 550 என்று போட்டிருந்தால் 550 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 250 கிலோ இழுவையைத் தாங்கும் என்று அர்த்தம். பாராசூட்டுக்குச் செய்த கயிறு அது. கழுத்தில் போட அதைவிட மோசமான கயிறு கிடையாது. இழுபட்டால் கயிறு அறாது, கழுத்துதான் போகும். மணிமணியாகக் கோத்த மெல்லிய சங்கிலியோடு சில கத்திகள் வருகின்றன. வேகமாக இழுத்தால் அந்தச் சங்கிலி விட்டுவிடும், அது நல்லது. ஆனால் வியர்வையில் கறுத்துச் சட்டைக் காலரைக் கறையாக்கும், பிடரி முடியைப் பிடித்து இழுக்கும்.

நான் கண்ட வழி பாவாடை நாடா. தட்டையான பருத்தி, வியர்வையை உறிஞ்சும், பிடரியை அறுக்காது, எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். ஆனால் நாடாவும் லேசில் அறாது. அதனால் இரண்டு முனையையும் நேராக முடிச்சுப் போடாமல், நடுவில் சாதாரணத் தையல் நூலைச் சில சுற்று சுற்றி ஒரு வளையம் செய்து, அந்த வளையத்தால் இரண்டையும் இணைத்தேன். எங்கே மாட்டி இழுத்தாலும் முதலில் அந்த நூல்தான் அறும். எத்தனை சுற்று என்பதைக் கண்ணால் முடிவு செய்யக் கூடாது. நாடாவை ஆணியில் மாட்டி, ஐந்து லிட்டர் தண்ணீர் கேனை அதில் தொங்கவிட்டுப் பாருங்கள். கேனின் பாரத்தில் நூல் அறுந்து விழ வேண்டும். அறாவிட்டால் ஒரு சுற்றைக் குறைத்து மறுபடி பாருங்கள். கத்தியும் உறையும் சேர்ந்து நூறு கிராம்கூட வராது, அதைத் தாங்க இந்த நூல் தாராளம். வியர்வையில் நூல் நைந்துபோவதால் மாதத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுவேன். இவ்வளவு செய்த பிறகும், சுற்றும் மிஷின் பக்கத்தில் போகும்போது கழற்றித் தூணில் மாட்டிவிட்டுத்தான் போவேன். அதில் சமரசமே வேண்டாம்.

அடுத்தது உறை. கழுத்துக் கத்தி தலைகீழாகத் தொங்கும், கைப்பிடி கீழே, நுனி மேலே. பட்டன், வார் எதுவும் இல்லாமல் உறை தன் இறுக்கத்தால் மட்டும் அலகைப் பிடித்திருக்க வேண்டும். நல்ல உறையில் கத்தி உட்காரும்போது டிக் என்று ஒரு சத்தம் கேட்கும். வாங்கியவுடன் மணல் மேலோ மெத்தை மேலோ பிடித்து, உறையை மட்டும் பிடித்துக்கொண்டு பலமாக உதறிப் பாருங்கள். அப்போது கத்தி விழுந்தால் தோட்டத்தில் குனியும்போதும் விழும். அப்படிப்பட்டதைத் திருப்பி அனுப்புங்கள். எத்தனை மலிவாகக் கிடைத்தாலும் அது வேண்டாம். இறுக்கம் நாளாக ஆகக் குறையும். மண் தூள் உள்ளே போய் உறையைத் தேய்ப்பதுதான் காரணம். ராத்திரி தண்ணீரில் அலசிக் கவிழ்த்து வைத்தால் ரொம்ப நாள் வரும். மாதாமாதம் அந்த உதறல் சோதனையையும் மறுபடி செய்துவிட வேண்டும்.

உருவுவதில் ஒரு பக்குவம் உண்டு. இறுக்கமான உறையிலிருந்து கத்தியை வெடுக்கென்று இழுத்தால் கை எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது, பக்கத்தில் கொடி கட்டுகிறவர் முகம் இருக்கும். மூன்று விரலால் கைப்பிடியைப் பிடித்து, கட்டைவிரலை உறையின் விளிம்பில் வைத்துத் தள்ள வேண்டும். இறுக்கம் விட்டதும் கத்தி அரை அங்குலம் இறங்கி நிற்கும். அதற்குப் பிறகு நேராகக் கீழே இழுத்தால் போதும். திரும்பச் செருகுவதுதான் இதைவிட ஆபத்து. கழுத்தில் கிடக்கும் உறையைப் பார்க்காமல், பேசிக்கொண்டே செருகினால் கத்தி இடது கை விரலுக்குள்ளோ சட்டைக்குள்ளோ போகும். உறையை இடது கையால் மேல்பாகத்தில் பிடித்து, நெஞ்சிலிருந்து முன்னால் தள்ளி வைத்து, கண்ணால் பார்த்துச் செருக வேண்டும். பேச்சு ஒரு விநாடி நிற்கலாம்.

குனிந்து செய்யும் வேலையில் கத்தி ஊசலாடும். களை பறிக்கும்போது முகத்துக்கு முன்னால் வந்து நிற்கும், வாய்க்கால் சேற்றில் முங்கும். பூணூல் போடுவதுபோல நாடாவைக் குறுக்கே போட்டால் கத்தி விலாவோடு ஒட்டிக்கொள்ளும், ஆட்டம் பாதியாகக் குறையும். அல்லது சட்டையின் இரண்டாவது பட்டனைத் திறந்து உள்ளே போட்டுக்கொள்ளலாம். ஏணி, மரம் ஏறும்போது கண்டிப்பாகக் கழற்ற வேண்டும். மார்பெலும்புக்கு மேல் கடினமான பொருளை வைத்துக்கொண்டு கீழே விழுவது நல்லதில்லை.

அலகைப் பற்றி. மலிவுக் கத்திகளில் எஃகின் வகை பெரும்பாலும் 3சிஆர்13 என்று போட்டிருக்கும். அந்த 13 என்பது குரோமியம் சுமார் 13 சதவீதம் என்பதைக் குறிக்கிறது. துருவுக்கு நல்ல தடுப்பு. கார்பன் குறைவு என்பதால் இரும்பு கொஞ்சம் மெது, கூர் சீக்கிரம் போகும். நான் இதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. சீக்கிரம் மழுங்குவது சீக்கிரம் தீட்டவும் வரும். தோட்டத்தில் கல் இல்லாத நாளில் பீங்கான் டீக் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மெருகு இல்லாமல் சொரசொரப்பாக இருக்கும் வளையத்தில் பக்கத்துக்குப் பத்து இழுப்பு இழுத்தால் சணல் அறுக்கும் கூர் வந்துவிடும். கூடுதல் செலவு செய்யத் தயாராக இருப்பவர்களுக்கு ஸ்வீடனின் மோரா கம்பெனி செய்யும் எல்ட்ரிஸ் இருக்கிறது. 80 கிராம், அலகு 6 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, இரும்பு 12சி27 என்ற நல்ல வகை, கைப்பிடி உள்ளங்கையை நிறைக்கும். என் உறவினர் ஒருவர் வைத்திருக்கிறார், எடுத்து வேலை செய்து பார்த்திருக்கிறேன். கூர் நிற்பதில் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. ஆனால் பந்தலில் தொலைத்தால் மனசு வலிக்கும் விலை. வேலைக்கு வருகிறவர்களிடமும் தயங்காமல் கொடுக்க முடிகிற கத்திதான் எனக்கு வேண்டும்.

துருப்பிடிக்காது என்று எழுதியிருப்பதை முழுதாக நம்பி வியர்வையில் ஊறவிடக் கூடாது. உப்பு ஸ்டெயின்லெஸ் எஃகையும் புள்ளி புள்ளியாக அரிக்கும். உடம்போடு ஒட்டிக் கிடக்கும் கத்திக்கு இது தினசரி பிரச்சினை. சாயங்காலம் கழுவித் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். பழம் வெட்டும் கத்தி என்பதால் மிஷின் ஆயில் போடுவதில்லை.

திராட்சைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. அடிச்சாம்பல் நோய்க்குத் தெளிக்கும் போர்டோ கலவை என்ற பூஞ்சை மருந்தைத் தயாரிக்கும்போது, நூறு லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ கலந்து, இரும்புக் கத்தியை முக்கிப் பார்ப்போம். செம்பு நிறம் படிந்தால் துத்தம் தூக்கல், இன்னும் சுண்ணாம்பு விட வேண்டும். கழுத்தில் கையோடு இருக்கிறதே என்று இந்தக் கத்தியை முக்கிப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். ஸ்டெயின்லெஸ் எஃகில் செம்பு ஒழுங்காகப் படியாது. கலவை சரியாக இருக்கிறது என்று நினைத்து அடித்தால் தளிர் கருகும். அந்தச் சோதனைக்குத் தேய்த்துப் பளிச்சென்று வைத்த பழைய இரும்பு அருவாள்தான். மருந்து அடிக்கும் நாளில் இந்தக் கத்தியைக் கழுத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். மருந்து பட்ட நாடாவை நாள் முழுக்கக் கழுத்தில் வைத்திருக்கவும் கூடாது, அதே அலகால் மாங்காய் கீறவும் கூடாது.

பிளேடை ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் பேப்பர் கட்டர் இதைவிட மலிவாயிற்றே என்று கேட்பவர்கள் உண்டு. கூர் விஷயத்தில் அது ஜெயிக்கும். ஆனால் ஒடிந்த துண்டு மண்ணில் விழுந்தால் வெறுங்காலோடு நடப்பவர்களும் மேய வரும் மாடும் இருக்கும் இடத்தில் அது பெரும் பாவம். மடக்குக் கத்தி நல்ல சாமான்தான். அதைத் திறக்கப் பெரும்பாலும் இரண்டு கை வேண்டும், பந்தலுக்குக் கீழே ஒரு கைதான் மிச்சம்.

சட்டத்தைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: ஆயுத விதிகள், 2016 உரிமம் கேட்பது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளுக்கு. வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் செய்தவை அதிலிருந்து விலக்கு. இரண்டரை அங்குலக் கத்தி அந்தக் கணக்கிலேயே வராது. அதற்காகக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றலாம் என்று பொருளில்லை. சட்டைக்குள் கத்தி தொங்க பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவரைப் போலீஸ் சந்தேகப்பட்டால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. கோயில், கோர்ட், ஆஸ்பத்திரி, கூட்டம் கூடும் இடம் எதற்கும் வேண்டாம். விமானத்தில் கைப்பையில் அனுமதியே இல்லை. தோட்டத்து வாசலில் ஓர் ஆணி அடித்து வைத்திருக்கிறேன். போகும்போது எடுப்பது, வரும்போது மாட்டுவது. வீட்டுக்கும் கொண்டுவருவதில்லை. சின்னப் பிள்ளைகள் கழுத்தில் தொங்குவதைப் பிடித்துத்தான் இழுப்பார்கள்.

அப்படியானால் யார் வாங்கலாம்? நாள் முழுக்கச் சின்னச் சின்ன அறுப்பு வேலை இருந்து, உடுப்பில் பை இல்லாமலோ பைக்குக் கை எட்டாமலோ இருப்பவர்கள் வாங்கலாம். பூத்தோட்டம், நர்சரி, மீன்வலை பழுது பார்ப்பது, பந்தல் காய்கறி எல்லாம் இதில் அடங்கும். ஜீன்ஸ் போட்டு ஆபீஸ் போகிறவர், வருஷத்துக்கு ஒரு தடவை மலையேறப் போகிறவர் இவர்களுக்குப் பையில் ஒரு மடக்குக் கத்தியே போதும். கழுத்தில் போட்ட கத்தி அவர்களுக்கு இரண்டு நாள் ஆசை.

எங்கள் தோட்டத்தில் கொடி கட்ட வரும் அக்கா ஒருவர் என் கத்தியை வாங்கி ஒரு காலைப் பொழுது போட்டுப் பார்த்தார். பிடித்துவிட்டது, தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். “ஆனா கழுத்துல கயிறு வேண்டாம் தம்பி, தாலிக்கயிறோட சிக்கிக்கும்.” சேலைக்கு மேல் அவர்கள் எல்லாரும் ஆண்கள் சட்டை போட்டுத்தான் வேலை செய்வார்கள். புதுக் கத்தி வந்ததும் நாடாவைக் கழற்றிப் போட்டுவிட்டு, உறையின் ஓரத்தில் உள்ள ஓட்டைகள் வழியாகச் சாக்கு ஊசியால் ஒரு துணிப்பட்டையில் தைத்து, அந்தப் பட்டையைச் சட்டையின் இடது மார்பில் இரண்டு பட்டனில் மாட்டிக்கொண்டார். துவைக்கும்போது பட்டனைக் கழற்றினால் உறை தனியாக வந்துவிடுகிறது. குனிந்தால் ஆடுவதில்லை, மிஷினில் மாட்டக் கயிறும் இல்லை. இப்போது கொடி கட்ட வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பட்டையைத்தான் கேட்கிறார்கள். நானும் இரண்டு பட்டன் வாங்கி வைத்திருக்கிறேன், அக்காதான் தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.